தங்கச்சி மகளுக்குச் சுட்ட பீட்சா

எனக்குச் சமைக்கத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். பீட்சா. சோறு வடிக்கத் தெரியாது, ரசம் வைக்கத் தெரியாது, வெந்நீர் போட்டாலும் அடுப்பை அணைக்க மறந்துவிடுவேன் என்று என் மனைவி சொல்வாள். ஆனால் உள்ளங்கை அகலத்தில், கால் மணி நேரத்துக்குள், தோசைக்கல்லில் பீட்சா போடச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு போடுவேன். போடிநாயக்கனூரில் அந்தப் பெயரையே யாரும் கேள்விப்படாத காலத்தில் கற்றுக்கொண்டது. இப்போது பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே விற்கிறார்கள். கல்லூரிப் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டே தின்கிறார்கள். அந்தக் கடையைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது. அந்தப் பிள்ளைகள் மேல் என்ன தப்பு? ஒன்றும் இல்லை. கோபப்பட ஆள் கிடைக்காவிட்டால் கடை மேல் கோபப்படுகிறவன் நான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் என் தங்கை பம்பாயில் இறந்துபோனாள். சிறுநீரகம் கெட்டுப்போய், ஆஸ்பத்திரியும் வீடுமாக எட்டு மாதம் கிடந்தாள். தந்தி கிடைத்து, ரயில் மாறி ரயில் மாறி நான் போய் இறங்கியபோது எல்லாம் முடிந்திருந்தது. அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. அவளுடைய எட்டு வயது மகளைத்தான் பார்த்தேன். ஜன்னல் ஓரத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். என்னை ஏறிட்டுப் பார்த்து, "மாமா, டீ குடிச்சீங்களா?" என்று பெரிய மனுஷி மாதிரிக் கேட்டாள். அம்மா படுத்த நாளிலிருந்து வந்தவர்களையெல்லாம் அப்படிக் கேட்டுக் கேட்டுப் பழகியிருக்கிறாள். நான் அங்கே அழாமல் இருந்ததற்கு அந்தக் கேள்விதான் காரணம்.

தங்கை மாப்பிள்ளைக்கு மில்லில் ஷிப்டு வேலை. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. பிள்ளையை யார் பார்ப்பது? காரியம் முடிந்த அன்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"மச்சான், லீவு விட்டதும் கூட்டிட்டுப் போங்க. ரெண்டு மாசம் வச்சுப் பாருங்க. நல்லாச் சாப்பிட்டு, ஒடம்பு தேறி, உங்களோட ஒட்டிக்கிட்டான்னா அங்கனயே பள்ளிக்கூடத்துல சேத்துருங்க. இல்லேன்னா புனா பக்கம் ஒரு ஹாஸ்டல்ல சொல்லி வச்சிருக்கேன். ஜூன்ல சேக்கணும்."

"ஹாஸ்டலா? தாய்மாமன் நான் என்ன செத்தா போய்ட்டேன்?" என்று கத்திவிட்டேன். பக்கத்து வீட்டு மராத்திக்காரம்மா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

எங்களுக்குக் கல்யாணமாகிப் பத்து வருடம் ஆகியிருந்தது. பிள்ளை இல்லை. ஊருக்கு வந்து என் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். எழுந்துபோய் மர பீரோவில் கீழ்த்தட்டைக் காலி செய்து, துடைத்து, பழைய தினமணியை விரித்து வைத்தாள். மறுநாள் பெண்கள் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்புக்கு இடம் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டு வந்தாள். யாரோ செத்ததற்குத் துக்கம் காக்கிற வீட்டில் இத்தனை ஆசை கூடாது என்று எனக்கே கூச்சமாக இருந்தது. ஆனால் ஆசை இருந்தது. அதை மறைப்பானேன்.

எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்குத் தொழில் ஏலக்காய். மலையில் பறித்து, ஸ்டோர் என்கிற உலர்த்தும் அறையில் சூடு காட்டிக் காயவைத்த காய், சாக்கு சாக்காகப் போடிமெட்டு வழியாக ஜீப்பில் இறங்கி என் வீட்டுக்கு வரும். முன்கட்டில் எட்டுப் பெண்கள் சுளகை மடியில் வைத்துக்கொண்டு, பருத்தது, சிறுத்தது, வெடித்தது என்று பொறுக்குவார்கள். நடு அறையில் கூரை வரைக்கும் சாக்கு. மிச்சம் இருந்த இடத்தில் நாங்கள் குடியிருந்தோம். தெருவில் பாதி வீடு இப்படித்தான். வெளியூர்க்காரர்கள் தெருவுக்குள் நுழைந்ததும் மூக்கை உறிஞ்சி, "அடடா, என்ன மணம்!" என்பார்கள். என்ன மணம் என்று எங்களுக்குத் தெரியாது.

ஏப்ரல் தொடக்கத்தில், பம்பாயிலிருந்து ஊருக்கு வந்த தெரிந்த குடும்பத்தோடு பிள்ளை வந்தாள். வாசற்படி ஏறியதும் ஒரு நிமிடம் நின்றாள். கண்ணை மூடித் திறந்தாள். பிறகு ஓடிப்போய் நடு அறைக் கதவைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தாள். "என்னத்தா தேடுற?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல மாமா" என்றாள். புது இடம், மிரளுகிறாள் என்று நினைத்தேன்.

அன்றைக்கு இட்லியைப் பிய்த்து வாயில் வைத்தவள், முழுங்காமல் ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மறுநாள் தோசை. அதற்கு மறுநாள் பருப்புச் சோறு, நெய். பயணக் களைப்பு என்றோம், தண்ணீர் மாறியிருக்கிறது என்றோம், வெயில் என்றோம். ஒரு வாரமானது. பால் கொடுத்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு பாதி குடிப்பாள். மற்றபடி கிணற்றுத் தண்ணீரும், தெருவில் வருகிறவனிடம் வாங்கிய வெள்ளரிப் பிஞ்சும். டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, "ஏக்கம். போகப் போகச் சரியாயிரும்" என்று டானிக் எழுதிக் கொடுத்தார். என் மனைவி மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டாள். கோயிலில் கயிறு மந்திரித்துக் கட்டினாள். பம்பாயிலிருந்து போட்டு வந்த பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. ஊக்குக் குத்திவிட்டோம். பிறகு அந்த ஊக்கை இன்னும் ஒரு மடிப்புத் தள்ளிக் குத்தினோம்.

மற்றபடி நல்ல பிள்ளை. அதுதான் எங்களைக் கொன்றது. அடம் பிடித்து அழுதால் ஒரு அடி வைக்கலாம், கொஞ்சலாம், ஏதாவது செய்யலாம். அவளோ பொறுக்குகிற பெண்களோடு உட்கார்ந்து சுளகைப் பிடிப்பாள், அவர்களுக்கு இந்திப் பாட்டுப் பாடிக் காட்டுவாள், சாக்கு அறையில் போய்ச் சாக்கின் மேல் குப்புறப் படுத்துக்கொள்வாள். சாப்பாட்டுத் தட்டைக் கண்டால் மட்டும் முகம் செத்துவிடும்.

பதினோராம் நாளோ என்னவோ, எனக்குப் பொறுக்கவில்லை. "என்னதான்டி வேணும் ஒனக்கு? வாயத் தொறந்து சொன்னாத்தானே தெரியும்!" என்று தட்டைத் தள்ளிவிட்டேன். சோறு சிதறியது. அவள் குனிந்து ஒவ்வொரு பருக்கையாகப் பொறுக்கித் தட்டில் போட்டாள். பிறகு மெதுவாக, "மாமா, பீட்சா பண்ணலாமா?" என்றாள்.

பீட்சா என்றால் என்ன என்று நான் கேட்டதும் அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை இன்றைக்கும் மறக்கவில்லை. சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு எனக்குப் பாடம் எடுத்தாள்.

"சின்னப் பீட்சா மாமா. அம்மா சாயங்காலம் நான் ஸ்கூல் விட்டு வந்ததும் பண்ணும். பாவ் ரொட்டி இருக்குல்ல, அத குறுக்க ரெண்டா கட் பண்ணணும். உள்பக்கம் வெண்ணெய். தக்காளி, வெங்காயம், பூண்டு மூணும் வதக்கிக் கெட்டியா ஆக்கி அது மேல தடவணும். அதுக்கு மேல சீஸ துருவிப் போட்டு, மிளகுத்தூள். தவால வச்சு மூடி போட்டா சீஸ் உருகும். அவ்வளவுதான். பத்து நிமிஷம். செலவும் ஆகாது மாமா. ஒரு டப்பா சீஸ் பதினஞ்சு நாளைக்கு வரும்னு அம்மா சொல்லும்."

செலவாகாது என்று அந்தப் பிள்ளை எனக்குத் தைரியம் சொன்னது என் நெஞ்சில் குத்தியது. யானை வேண்டும் என்று கேட்டிருந்தாலும் தேவாரம் பக்கம் கரும்புக்காட்டில் இறங்குகிற ஒன்றைப் பிடித்துவரப் புறப்பட்டிருப்பேன்.

வெண்ணெய்க்கும் தக்காளிக்கும் பஞ்சமில்லை. பாவ் ரொட்டிக்குத்தான் அலைந்தேன். எங்கள் ஊர் பன் இனிப்பு. ரொட்டிக்கடைக்காரரிடம் சீனி போடாமல், சின்னதாகப் பத்துப் பன் சுட்டுத் தரச் சொன்னேன். "சீனி இல்லாத பன்னா? யாருக்குண்ணே, சீக்காளிக்கா?" என்று கேட்டார். வாயில் வந்ததை அடக்கிக்கொண்டு வந்தேன். சீஸுக்கு, மலைக்குத் தினமும் எஸ்டேட் ஆட்களை ஏற்றிப் போகிற ஜீப் டிரைவரிடம் சொல்லி வைத்தேன். எனக்குச் சாக்கு இறக்குகிறவனும் அவன்தான். தேயிலை எஸ்டேட் பங்களாக்களுக்குச் சாமான் கொடுக்கிற கடை மூணாறில் ஒன்று இருந்தது. நாலாம் நாள் ஹாரனை அடித்துக்கொண்டே வந்தான்.

"அண்ணே, டின்னு கிட்டிப்போச்சு! ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு. கடைக்காரன் வெரசா எடுத்துக்கோன்னான்." மலையில் ஓடி ஓடி அவன் பேச்சில் மலையாளம் ஏறியிருந்தது.

அன்று சாயங்காலம் அடுப்படியில் நான்தான் உட்கார்ந்தேன். "மாமா பண்ணட்டும், மாமாவுக்குத்தான் சொல்லிக் குடுத்தேன்" என்று அவள் உத்தரவு. டின்னைத் திறக்க அரிவாளை எடுத்தேன். துருவப் போனால் சீஸ் தேங்காய்த் துருவியில் சிக்கிக்கொண்டு வர மறுத்தது. என் மனைவி சுவரில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். தங்கை இறந்த பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. முதல் நாலு பன்னும் அடியில் கரிந்தன. அடுத்த நாலில் சீஸ் உருகி, ஓரத்தில் வழிந்து, தக்காளிச் சிவப்பு எட்டிப் பார்த்தது. "இதேதான் மாமா! இதே மாதிரிதான்!" என்று கை தட்டினாள்.

எடுத்துக் கடித்தாள். தாடை இரண்டு முறை அசைந்தது. நின்றது. "நல்லாருக்கு மாமா" என்று வாய்க்குள்ளேயே சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போனாள். நான் பின்னாலேயே போனேன். துவைக்கிற கல்லுக்குப் பின்னால் துப்பிவிட்டு, அதன் மேல் காலால் மண்ணைத் தள்ளி மூடிக்கொண்டிருந்தாள்.

எனக்கு எங்கிருந்துதான் அத்தனை கோபம் வந்ததோ. "ஊரு விட்டு ஊரு டின்னு வாங்கியாந்து, அடுப்படில வெந்து செஞ்சா, மண்ணுலயா போடுற?" என்று கையை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. ஆனால் ஓங்கினேன். அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு அடிக்குக் காத்திருந்தாள். இதை எழுதும்போதும் அந்தக் கை கூசுகிறது.

அதன் பிறகு ஏழெட்டு முறை செய்திருப்பேன். பூண்டைக் குறைத்துப் பார்த்தேன், வெங்காயத்தை எடுத்துப் பார்த்தேன், புதுத் தோசைக்கல் வாங்கினேன், விறகடுப்பை விட்டு ஸ்டவ்வில் வைத்தேன். சுடுகிற கை தேறிக்கொண்டே போனது. அவள் தேறவில்லை. ஒவ்வொரு முறையும் ஆசையாக வந்து உட்காருவாள், ஒரு கடி கடிப்பாள், அவ்வளவுதான். ரொட்டியும் சீஸும் வெயிலில் கெட்டுப்போகாமல் இருக்க நாங்கள் எடுத்துக்கொண்ட கவனம் கொஞ்சமல்ல. ஃபிரிட்ஜ் எல்லாம் அப்போது எங்களிடம் ஏது? வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் சாக்கு அறை. டின்னை ஈரத்துணியில் சுற்றி இரண்டு சாக்குகளுக்கு நடுவில் வைப்போம். வெண்ணெயும் அங்கேதான். எறும்பு வரக்கூடாதென்று பன்னைச் சாக்கின் உச்சியில் வைத்து, சுத்தமான சாக்குத் துண்டால் மூடுவோம். ஏலக்காய்க்காரன் வீட்டில் எதைப் பத்திரமாக வைப்பதென்றாலும் காயோடுதான் வைப்போம். எங்கள் அப்பா காலத்திலிருந்து பழக்கம்.

மாப்பிள்ளையிடமிருந்து கடிதம் வந்தது. மே கடைசியில் வருகிறேன், பாப்பா எப்படி இருக்கிறாள் என்று கேட்டிருந்தார். நன்றாகச் சாப்பிடுகிறாள், கன்னம் வைத்துவிட்டது என்று எழுதிப் போட்டேன். அந்தப் பொய்யை எழுதும்போது அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து தபால்தலையை நக்கி ஒட்டினாள்.

நல்ல தக்காளி வாங்கலாம் என்றுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை ராசிங்காபுரம் கூட்டிப் போனோம். அது என் மனைவி பிறந்த ஊர். மாமனாருக்குத் தக்காளித் தோட்டம். மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் தொட்டியில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. பிள்ளை அதில் குதித்துக் கும்மாளம் போட்டாள். பிறகு வரப்பில் உட்கார்ந்து, மாமனார் தூக்குவாளியில் கொண்டுவந்திருந்த கம்மங்கஞ்சியைக் கேட்டு வாங்கி, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு, வாளியைச் சாய்த்துக் குடித்தாள். தக்காளி நாலைந்து தின்றாள். என் மனைவி என் முழங்கையைப் பிடித்து இறுக்கினாள். நாங்கள் இருவரும் எட்ட, தக்காளிச் செடிகளுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

தோட்டத்துக் காற்று ஒத்துக்கொண்டது என்று முடிவு செய்தேன். நான் முடிவு செய்தால் உடனே செய்து முடிப்பேன். புதன்கிழமையே பன், வெண்ணெய், சீஸ், தோசைக்கல், ஸ்டவ் எல்லாவற்றையும் வீட்டிலிருந்து மூட்டை கட்டி பஸ்சில் ஏற்றினேன். மோட்டார் ரூம் நிழலில் அடுப்பு வைத்து, செடியிலிருந்து பறித்த தக்காளியில், என் வாழ்நாளிலேயே சிறந்த பீட்சாவைச் செய்தேன். அவள் அதை வாங்கி ஊதி ஊதிக் கடித்தாள். தாடை நின்றது. கண் நிறைந்துவிட்டது.

"இங்கயும் வந்துருச்சு மாமா."

"என்னத்தா வந்துருச்சு?"

"அம்மா வாசனை."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டேன். அவள் சொன்னாள். தீபாவளிக்குத் தீபாவளி நான் தங்கைக்கு ஒரு பொட்டலம் ஏலக்காய் அனுப்புவேன். அவள் அதைப் பாதிதான் சமையலுக்கு எடுப்பாளாம். மிச்சத்தைச் சின்னத் துணிப் பைகளில் கட்டிச் சேலைகளுக்கு நடுவில் வைத்துவிடுவாளாம். எங்க ஊரு வாசனை, எங்க அண்ணன் வீட்டு வாசனை என்று சொல்லுவாளாம். அம்மா படுக்கையில் கிடந்த எட்டு மாதமும் பிள்ளை அவள் சேலையில்தான் முகத்தை வைத்துத் தூங்கியிருக்கிறாள்.

"உங்க வீட்டுக்குள்ள வந்ததும் அம்மா உள்ள இருக்குன்னு நெனச்சேன் மாமா. ரூம்ல போய்ப் பாத்தேன். இட்லிலயும் வருது, பால்லயும் வருது, எல்லாத்துலயும் வருது. அம்மா சேலைய வாய்ல வச்ச மாதிரி இருக்கு. முழுங்க முடியல."

மாமனார் பன்னில் ஒரு துண்டைப் பிய்த்து மோந்து பார்த்தார். "ஏலக்காய் தூக்கலா அடிக்குது மாப்ளே. பாயாசமா வக்கிறீக?" என்றார். நான் வெண்ணெயை மோந்தேன், சீஸை மோந்தேன், என் கையை மோந்தேன். எனக்கு எதுவுமே அடிக்கவில்லை. முப்பத்து நாலு வருடம் அதற்குள்ளேயே மூச்சுவிட்ட மூக்கு. அந்த மூக்கை அறுத்தெறியலாம் போல இருந்தது.

அன்றே பிள்ளையையும் மனைவியையும் மாமனார் வீட்டில் விட்டேன். டிரைவர் கொண்டுவந்த அடுத்த டின் என் வாசலுக்கு வராமல் நேராக ராசிங்காபுரம் போனது. மனைவி சீயக்காய் தேய்த்துக் குளித்து, அங்கே கிடந்த பழைய சேலையைக் கட்டிக்கொண்டு, நான் சொல்லிக் கொடுத்தபடி பீட்சா போட்டாள். பிள்ளை ஒரே மூச்சில் மூன்று தின்றாள் என்று சொல்லி அனுப்பினாள். நான் சுளகுக்காரப் பெண்களுக்கெல்லாம் காப்பி வாங்கிக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் பார்க்கப் போனேன். தூரத்தில் கண்டதுமே ஓடிவந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டு, சட்டையில் முகத்தைப் புதைத்தாள். மூச்சை இழுத்து இழுத்து விட்டாள். நான் தலையைத் தடவிக்கொண்டே நின்றேன். அவ்வளவு நேரம் என்னை யாரும் கட்டிக்கொண்டதில்லை. ஆனால் அன்று முழுக்க அவள் எதையும் வாயில் வைக்கவில்லை. அடுத்த முறை போனபோதும் அதேதான். மனைவிதான் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. நீங்க வந்துட்டுப் போற அன்னைக்கு அவ பட்டினிங்க. கொஞ்ச நாளைக்கு வராம இருங்க."

நான் கார்பாலிக் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். புது வேட்டி, புதுச் சட்டை வாங்கி, கடையிலேயே உடுத்திக்கொண்டு நேராகப் போனேன். அப்போதும் அவள் என் கழுத்தில் மூக்கை வைத்துச் சிரித்தாள், பிறகு தட்டைத் தள்ளிவைத்தாள். என் தோலிலேயே ஊறியிருந்தது.

மாமனார் வீட்டில் காலத்துக்கும் விட முடியாது. மச்சினன் குடும்பமே அங்கே இரண்டு அறையில் நெருக்கியடித்துக்கொண்டிருந்தது. அவர்கள் முகம் சுளிக்கவில்லை, ஆனால் ஜூன் பிறந்தால் எத்தனை நாளைக்கு? ஆகவே வீட்டைக் காலி செய்தேன். எல்லாச் சாக்கையும் வாடகைக் குடோனுக்கு மாற்றினேன். தரையைச் சோடா போட்டுக் கழுவி, சுவருக்கு இரண்டு கை சுண்ணாம்பு அடித்து, கதவு ஜன்னலையெல்லாம் நாலு நாள் திறந்துபோட்டேன். பொறுக்குகிற பெண்கள் தெருவில் நின்று, "அண்ணனுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு" என்று பேசிக்கொண்டார்கள். பக்கத்து வீட்டில் சுளகு ஓடிக்கொண்டிருந்தது. எதிர் வீட்டு வாசலில் சாக்கு இறங்கிக்கொண்டிருந்தது. தெருவை நான் எப்படிக் கழுவுவேன்?

பிள்ளை வந்தாள். படியேறி நின்று மூச்சை இழுத்தாள். என் முகத்தைப் பார்த்தாள். "இப்ப இல்ல மாமா. போயிருச்சு" என்றாள். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. புதுச் சாமான், புது டின், புதுப் பன் வைத்துப் பீட்சா சுட்டேன். அவள் முழுசாக ஒன்றைத் தின்றாள். தண்ணீர் குடித்துக் குடித்து, என்னைப் பார்த்துச் சிரித்துச் சிரித்து, தின்று முடித்தாள். இன்னொன்று கேட்டாள். அதில் பாதி போனதும் எழுந்து ஓடி, கொல்லையில் அத்தனையையும் வாந்தி எடுத்தாள். நான் முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மூச்சு வாங்கிக்கொண்டே, "நாளைக்கு ட்ரை பண்றேன் மாமா. கொஞ்சம் கொஞ்சமா பழகிக்கிறேன். என்னை அனுப்பிராதீங்க" என்றாள்.

எனக்காகத்தான் போயிருச்சு என்று சொல்லியிருக்கிறாள். எட்டு வயதுப் பிள்ளை.

மாப்பிள்ளை வந்து இறங்கியபோது அவளை ராசிங்காபுரத்தில் வைத்துத்தான் காட்டினோம். பத்து நாள் அங்கே தின்றதில் கன்னம் கொஞ்சம் நிரம்பியிருந்தது. அவர் அவளைத் தூக்கிச் சுற்றினார். "நீங்க எழுதுனது சரிதான் மச்சான். நல்லாத் தேறிட்டா. இங்கயே இருக்கட்டும். எனக்கும் நிம்மதி" என்றார். இரண்டு மாதமாக எந்த வார்த்தைக்குத் தவம் கிடந்தேனோ, அந்த வார்த்தை. என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் ஒரு சரி சொன்னால் போதும்.

வேறு தொழில் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றியது. வேறு எதுவும் எனக்குத் தெரியாது. எட்டு வீட்டு அடுப்பு என் முன்கட்டை நம்பி எரிந்தது. இதையெல்லாம் காரணமாகச் சொல்லலாம். எந்தத் தொழிலுக்குப் போனாலும் இந்தத் தோல் என்னோடுதானே வரும் என்று நினைத்ததும் உண்மை. இங்கே வைத்துக்கொண்டால், நாளைக்கு முயற்சி செய்கிறேன் என்று அவள் தினமும் சொல்லிக்கொண்டே ஊக்கை இன்னும் ஒரு மடிப்புத் தள்ளிக் குத்துவாள். அதை நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

"ஹாஸ்டல்ல சேத்துருங்க மாப்ளே. இங்க சரிப்படாது" என்றேன்.

ஏன் என்று கேட்டார். காரணத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் செத்துப்போன தங்கைமேல் பழி போடுகிற மாதிரி இருக்கும். எனக்குச் சோலி ஜாஸ்தி, பிள்ளையைப் பார்க்க முடியவில்லை என்றேன். அவர் முகம் மாறியது. தாய்மாமன் என்று அன்றைக்கு அந்தக் கத்துக் கத்தினீர்களே என்று கேட்கவில்லை, ஆனால் கேட்ட மாதிரிதான் பார்த்தார். பிள்ளை அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. "மாமா, டீ குடிச்சீங்களா?" என்று மட்டும் கேட்டாள். என் மனைவி மோட்டார் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

போடி ஸ்டேஷனிலிருந்து மதுரை ரயில் காலையில் புறப்படும். ராசிங்காபுரத்திலிருந்து என் மனைவி விடியும் முன்பே எழுந்து ஆறு பீட்சா சுட்டு, வாழையிலையில் கட்டிக் கொண்டுவந்திருந்தாள். ஸ்டேஷனுக்கு நான் தனியாக, நடந்து வந்தேன். பெட்டிக்குப் பக்கத்தில் போகவில்லை. பிளாட்பாரத்தின் அந்தக் கோடியில், காற்று அவள் பக்கமிருந்து என் மேல் அடிக்கிற இடமாகப் பார்த்து, வேப்பமரத்தடியில் நின்றுகொண்டேன். அவளுக்குப் பசித்திருக்க வேண்டும். ரயில் கிளம்பும் முன்பே ஜன்னலில் இலையைப் பிரித்து, ஒன்றை எடுத்துக் கடித்தாள். தாடை நிற்காமல் அசைந்தது. முழுங்கினாள். இன்னொரு கடி கடித்தாள்.

அப்போதுதான் என்னைப் பார்த்துவிட்டாள். கம்பிக்கு வெளியே கையை நீட்டி, "மாமா! கிட்ட வாங்க மாமா! ஒரே ஒரு தடவ!" என்று கூப்பிட்டாள். மாப்பிள்ளையும் திரும்பிப் பார்த்தார். என் மனைவியும் பார்த்தாள். கார்டு விசில் ஊத இன்னும் நேரம் இருந்தது.

நான் போகவில்லை. அவள் கையில் இன்னும் பாதிப் பீட்சா இருந்தது.